இரண்டு ஆடுகள் போதும்

ஓய்வு பெற்ற நண்பர்கள் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், இந்த ஒரு மாதத்துக்குள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "நீங்கதான் ஆடு வெச்சிருக்கீங்களே சார், நாங்களும் பாலுக்கு ரெண்டு ஆடு வாங்கலாமா?" ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுவதைவிட இங்கே எழுதிவிடுவது சுலபம்.

வாங்கலாம். இரண்டு பெட்டை ஆடு, நாட்டு ஆடு, வீட்டுப் பாலுக்கு மட்டும். வருமானத்துக்காக என்றால் வேண்டாம். நோய் தீரும் என்று யாராவது சொல்லி வாங்குவதென்றாலும் வேண்டாம். கிடாய்க் குட்டி பிறந்தால் என்ன செய்வது என்பதை ஆடு வாங்கும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதவர்கள் பால் பாக்கெட்டோடு இருந்துவிடுவது நல்லது. பலருக்கு இந்தக் கடைசி விஷயம் பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2010இல் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பாகூர் பக்கம் அப்பா விட்டுப்போன வீடும் தோட்டமும் பத்திரத்தில் 4 ஆர். எங்கள் புதுச்சேரியில் பழைய பத்திரங்கள் எல்லாம் ஆர், செந்தியார் என்றுதான் பேசும். சென்ட் கணக்கில் பத்துக்குச் சற்றே குறைவு. அதில் வீடு போக, தென்னை போக, மிச்சமிருக்கிற இடத்தில்தான் ஆட்டுக் கொட்டிலும் தழை மரங்களும். மேய்ச்சலுக்கு வெளியே விடுவதே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெருவில் அவிழ்த்துவிட்டு ஆடு வளர்ப்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம்கூடப் பரிவு கிடையாது. பக்கத்து வீட்டு மல்லிகைக் கொடியையும் சுவரொட்டியில் தடவிய பசையையும் தின்று கொழுத்த ஆட்டின் பால் உங்களுக்கு இலவசம், செலவு முழுவதும் அடுத்த வீட்டுக்காரருடையது. அப்படி வந்த சண்டையில் அண்ணன் தம்பியாகப் பழகிய இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஏன் இரண்டு? ஒன்று போதாதா என்று கேட்கலாம்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் யாரும் 'மொசியே செகேனின் ஆடு' கதையைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அல்போன்ஸ் தொதே எழுதியது. செகேன் என்ற பெரியவர் வளர்த்த ஆறு ஆடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்கு ஓடி ஓநாய்க்கு இரையாகின்றன. அவர் ஏழாவதாக ஒரு குட்டி வாங்குகிறார். ப்ளான்கெத் என்று பெயர். நல்ல புல், நீளமான கயிறு, அன்பான எஜமான், எல்லாம் இருந்தும் அதுவும் ஏங்கி இளைத்து, ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுகிறது. ராத்திரி முழுவதும் ஓநாயோடு முட்டிச் சண்டை போட்டு, விடிகிற நேரத்தில் செத்துப் போகிறது. சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் இதுதான் கதி என்று வாத்தியார் எங்களை மிரட்டுவதற்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. ஆடு வளர்த்தவன் படித்தால் வேறொன்று கண்ணில் படும். செகேன் ஏழாவது ஆட்டையும் தன்னந்தனியாகத்தான் கட்டி வைத்தார். வெள்ளாடு கூட்டத்தில் வாழும் பிராணி. தனியாக வைத்தால் கத்தும், தீனியைக் குறைக்கும், நீங்கள் வீட்டுக்குள் போனால் வாசலில் நின்று கூப்பிடும். ஓநாய் இல்லாத ஊரிலும் தனி ஆடு இளைத்துத்தான் போகும். அதனால்தான் இரண்டு. அக்கா தங்கையாக, ஒரே ஈற்றுக் குட்டிகளாகக் கிடைத்தால் மிகவும் நல்லது. ஒன்றையொன்று முட்டிக்கொள்வது குறையும்.

மூன்றாவது ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் தழை. ஆட்டுக்கு அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பசுந்தீவனம் தினமும் வேண்டும். முப்பது கிலோ ஆட்டுக்கு மூன்று கிலோ. இரண்டு தாய் ஆடு, கூடவே வளரும் குட்டிகள் என்றால் நாளொன்றுக்கு எட்டு கிலோ வரை போகும். எட்டு கிலோ தழை என்றால் எவ்வளவு பெரிய கட்டு என்பது வெட்டிக் கொண்டுவந்து போட்டவருக்குத்தான் தெரியும். துறட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடியில் அண்ணாந்து நிற்க வேண்டும். அறுபது வயதில் அது உடற்பயிற்சி. எழுபத்தைந்தில் கழுத்துவலி. நான் இப்போது தெருக்கோடியில் உள்ள ஒரு பையனுக்குச் சம்பளம் கொடுத்து வாரம் நான்கு நாள் தழை வெட்டச் சொல்கிறேன். அந்தச் சம்பளமும் பேரேட்டில் ஏறுகிறது. எழுத்தர் உத்தியோகம் பார்த்த கை, ஆட்டுக்கும் ஒரு பேரேடு வைக்காமல் இருக்க முடியவில்லை.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அகத்தி, கிளுவை, கல்யாண முருங்கை, பூவரசு, வாதநாராயணன், கிளிரிசிடியா எல்லாம் வேலியிலேயே வளரும். ஒரே தழையைத் தினமும் போடாதீர்கள். ஆடு நுனி நாக்குக்காரி. இன்று ஆவலாகத் தின்றதை நாளைக்கு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். சூபாபுல் நல்ல தீவனம்தான், ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அதிலுள்ள மிமோசின் என்ற பொருளால் முடி கொட்டும். அரளி எங்காவது இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். மரவள்ளித் தழை வேண்டவே வேண்டாம். அகத்தி வேகமாக வளரும், வேகமாகவே பட்டுப்போகும். வருடா வருடம் பத்து விதையாவது ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் பக்கத்தை வாரிக்கொண்டு போனது வாசகர்களுக்கு மறந்திருக்காது. ஆட்டுக்காரனுக்கு அந்தப் புயலில் வினோதமான ஒரு அனுபவம் கிடைத்தது. ஒரு வாரம் தழைக்குப் பஞ்சமே இல்லை. ஊரே தழையாகக் கிடந்தது. பலா, வேம்பு, பூவரசு, முருங்கை எல்லாம் தரையில். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு பச்சை இலை கிடையாது. மொட்டை மரங்கள் துளிர்க்கும் வரை வேர்க்கடலைக் கொடியையும் உளுந்துப் பொட்டையும் காசு கொடுத்து வாங்கித்தான் ஓட்டினேன். முதலில் துளிர்விட்டவை கல்யாண முருங்கையும் கிளிரிசிடியாவும்தான். கிளையை ஒடித்துப் போத்தாக நட்டாலே பிழைத்துக்கொள்ளும் மரங்கள் அவை. மூன்றாவது ஆடு இருந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தில் அதை விற்றிருப்பேன்.

வெயிலைக்கூட ஆடு தாங்கும். மழைதான் அதற்கு எமன். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்றாலே தரை கசியும். ஈரத் தரையில் படுத்த ஆட்டுக்குக் குளம்பு அழுகும், சளி பிடிக்கும். பலகைகளுக்கு இடையே புழுக்கை விழும் அளவு சந்து விட்டு, தரைக்கு மேலே பரண் அமைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. எங்கள் பரண் இரண்டரை அடி உயரம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்கு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஆடுகள் பரண் மேல் நின்று, தண்ணீரில் தள்ளாடி வந்த என்னைப் பரிதாபமாகப் பார்த்தன.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆடுகள் செத்துப்போவதற்கு நம் ஊரில் ஒரு பெரிய காரணம் நோயோ பாம்போ இல்லை, நம்முடைய அன்புதான். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பிரியாணி அரிசி, இவற்றை ஒரு குண்டான் கொண்டுவந்து ஆட்டுக்கு வைப்பார்கள். அதுவும் ஆசையாகத் தின்னும். அந்தச் சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, வயிறு உப்பி, மறுநாள் காலை கால் நீட்டிக் கிடக்கும். விருந்து நடக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் அன்றைக்குக் கொட்டிலைப் பூட்டி வையுங்கள். கொடுப்பவர் மனம் புண்படும் என்று பார்க்க வேண்டாம்.

சரி, பாலுக்கு வருவோம்.

நாட்டு ஆட்டிடம் குடம் குடமாகப் பால் எதிர்பார்க்கக் கூடாது. வெள்ளாடு ஐந்து மாதம் சினை சுமக்கும், ஏறத்தாழ 150 நாள். ஈன்றதும் சீம்பால் முழுவதும் குட்டிக்கு. முதல் இரண்டு, மூன்று வாரம் நாங்கள் மடியைத் தொடுவதே இல்லை. அதன் பிறகு ராத்திரி மட்டும் குட்டிகளைப் பிரித்து அடைத்து, காலையில் ஒரு வேளை கறப்போம். கறந்து முடித்ததும் குட்டிகளை அவிழ்த்துவிட்டால் பகல் முழுவதும் அவை தாயோடுதான். இப்படிச் செய்தால் ஒரு ஆட்டிடம் காலையில் 300, 400 மில்லி கிடைக்கும். மூன்று, நான்கு மாதம். இரண்டு ஆடும் ஒரே சமயத்தில் சினையாகாமல் பார்த்துக்கொண்டால் வருடத்தில் எட்டு மாதமாவது வீட்டில் ஆட்டுப் பால் இருக்கும். இரண்டு கிழவர்களின் காப்பிக்கும் ராத்திரி ஒரு டம்ளருக்கும் அது போதும். மீதி நாட்களில் எல்லோரையும் போல பாண்லே பாக்கெட்.

தலச்சேரி ஆடு இதைப்போல இரண்டு மூன்று பங்கு கறக்கும். ஜமுனாபாரி அதைவிடக் கூடுதல், ஆள் உயரத்துக்கு எழும்பித் தழை பறிக்கும். ஆனால் அவை தின்பதும் அந்த அளவுக்கு. கயிற்றைப் பிடித்தால் இழுத்துக்கொண்டு ஓடும். எழுபது வயதுக்காரனை இழுத்துத் தள்ளினால் இடுப்பெலும்பு என்ன ஆவது? குட்டையான பள்ளையாட்டை என் மனைவியே ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கறந்துவிடுவாள். நம் வயதுக்கு ஆட்டின் முதல் தகுதி உயரம் குறைவு என்பதுதான்.

கவிச்சி அடிக்குமே என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கிடாயைப் பக்கத்தில் கட்டாமல், மடியைக் கழுவித் துடைத்து, கறந்த பாலை உடனே காய்ச்சி அன்றைக்கே குடித்தால் வாசனை தெரியாது. வைத்திருந்து குடித்தால் தெரியும். அந்த வாசனைக்குக் காரணமான கொழுப்பு அமிலங்களுக்கு வேதியியலில் வைத்த பெயரே காப்ரிக், காப்ரிலிக், காப்ராயிக். காப்ரா என்றால் லத்தீனில் ஆடு. பிரெஞ்சில் ஷேவ்ர் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பிரான்சில் இருக்கிற மச்சான் வரும்போதெல்லாம் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் ஒரு ராத்திரி கட்டித் தொங்கவிட்டு, உப்பும் மிளகும் தூவிக் கொடுப்போம். அங்கே கடையில் வாங்கும் ஷேவ்ருக்கு இது ஈடாகுமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

இந்தப் பாலைச் சுற்றிக் கிளம்பும் மருத்துவக் கதைகளுக்குத்தான் அளவே இல்லை. சித்த மருத்துவத்தில் வெள்ளாட்டுப் பாலுக்கு இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கொழுப்புத் துளிகள் பசும்பாலில் இருப்பதைவிடச் சிறியவை, தயிர் மென்மையாக உறையும். என் வயிற்றுக்கு அது ஒத்துப்போகிறது. அதுவரை சரி. ஆனால் டெங்கு வந்தால் ஆட்டுப்பால் தட்டணுக்களை ஏற்றும் என்று கிளப்பிவிட்டு, வடநாட்டு நகரங்களில் அதன் விலை பல மடங்கு ஏறியதைப் பத்திரிகைகளில் படித்தோமே, அதற்கு ஆதாரம் கிடையாது. பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளும் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காதவர்களுக்கும் இது மாற்றில்லை, இதிலும் அதே சர்க்கரைதான், சற்றே குறைவு.

எல்லாவற்றையும்விடக் கைக்குழந்தை விஷயம் முக்கியம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பேரக்குழந்தைக்கு ஆறு மாதம். தாய்ப்பால் போதவில்லை என்று பாட்டி ஒரு சொம்போடு வந்து நின்றார். "குழந்தைக்கு ஆட்டுப்பால்தாங்க அமிர்தம், தினம் கால் லிட்டர் குடுங்க, காசு வேணும்னாலும் தரேன்" என்றார். நான் தர மறுத்துவிட்டேன். ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகவும் குறைவு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதையே முக்கிய உணவாகக் கொடுத்தால் ரத்தசோகை வரும். டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் இலவசமாகவே தருகிறேன் என்றேன். அந்தம்மா சொம்பை எடுத்துக்கொண்டு போனவர் ஏழு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "ஒரு சொம்பு பாலுக்கு இவ்வளவு கருமித்தனமா" என்று தெருக்குழாயடியில் பேச்சு. என் மனைவிக்கும் வருத்தம்தான். "என்னாங்க, கொஞ்சம் குடுத்திருந்தா என்ன, தண்ணி கலந்துதானே குடுக்கப் போறாங்க" என்றாள். மறுபடி அப்படி யாராவது வந்து நின்றாலும் நான் தரமாட்டேன். வெறுங்கையோடு அனுப்புகிறவன் கெட்டவனாகத்தான் தெரிவான், அதற்காகப் பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் கணக்குத் தீர்க்க முடியாது.

பச்சைப்பால் குடிக்கிறவர்களுக்கும் ஒன்று. மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிய மேலும் பதினெட்டு வருடம் ஆனது. 1905இல் அந்தத் தீவைச் சேர்ந்த ஸம்மித் என்ற மருத்துவர், பார்ப்பதற்கு நோயே இல்லாத ஆடுகளின் ரத்தத்தில் அதைக் கண்டார். சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் சரசரவென்று குறைந்தது. மால்டா காய்ச்சல் என்று அன்று சொன்னதைத்தான் இன்று புருசெல்லோசிஸ் என்கிறார்கள். நம் நாட்டு ஆடு மாடுகளிலும் உண்டு. ஆகவே பொங்கக் காய்ச்சாமல் ஒரு சொட்டும் வாயில் விடக்கூடாது. குட்டி வீசிப்போன ஆட்டை வெறும் கையால் தொடவும் கூடாது.

வியாபாரத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர், பெயர் வேண்டாம், கிராஜுவிட்டிப் பணத்தில் பாதியைப் போட்டு நாற்பது ஆடு வாங்கினார். வீடியோவில் வருடத்துக்கு இத்தனை லட்சம் என்று யாரோ கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு ஆடும் தவறாமல் இரட்டைக் குட்டி போடும், எந்தக் குட்டியும் சாகாது, தழை மட்டும் வானத்திலிருந்து விழும். முதல் மழைக்காலத்திலேயே ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தது. தடுப்பூசி போடாத சந்தை ஆடுகளைப் பழைய ஆடுகளோடு கலந்ததுதான் வினை. வாங்கி வந்த ஆட்டை இரண்டு, மூன்று வாரமாவது தனியே கட்டி வைக்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. பதினொன்று மிஞ்சியது. மனிதர் அதற்கப்புறம் ஆடு என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை. ஆட்டுக்கொல்லிக்கும், மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் அரசு கால்நடை மருந்தகத்தில் ஊசி போடுகிறார்கள். இரண்டு ஆடு வைத்திருப்பவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே போய்விடலாம்.

இனி கிடாய்க் குட்டி.

என் பேரேட்டில் இதுவரை 41 குட்டிகள். கிடாய் 22, பெட்டை 19. பெட்டைகளுக்குக் கேட்டு வாங்கிப்போக ஆள் உண்டு, வளர்ப்பார்கள். 22 கிடாய்களும் கறிக்குத்தான் போயின. இதைச் சொன்னதும் பாலை நல்ல பால், நாட்டுப் பால் என்று புகழ்ந்து குடித்துக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் சைவம். "வித்துட்டியா? வெச்சிக் காப்பாத்தக் கூடாதா?" என்றார். ஆடு ஈன்றால்தான் பால். ஈன்றால் ஏறக்குறைய பாதி கிடாய். 22 கிடாய்களை வைத்துக் காப்பாற்ற 4 ஆர் பூமி எங்கே போதும்? ஒரு கிடாய் வீட்டில் இருந்தாலே அதன் வாடை மூன்று வீடு தாண்டும். காந்தியடிகள் பசும்பாலையும் எருமைப்பாலையும் தொடுவதில்லை என்று விரதம் இருந்தவர், நோயில் விழுந்து எலும்பும் தோலுமானபோது, கஸ்தூரிபாய் சொன்ன யோசனையின்படி 1919இல் ஆட்டுப்பால் குடிக்க ஆரம்பித்தார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், உயிரைக் காப்பாற்றவில்லை என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவருக்கிருந்த அந்த உறுத்தல் டம்ளரைக் கீழே வைத்த என் உறவினருக்கு இல்லை. மறுநாள் காலை பாக்கெட் பாலில் காப்பி குடித்தார். அந்தப் பாலைக் கொடுத்த பசுவுக்குப் பிறந்த காளைக்கன்று எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை, விருந்தாளியாயிற்றே.

நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிற முறை இது. கிடாய்க் குட்டிக்கும் பெட்டைக் குட்டிக்கும் பால் ஒரே அளவு, மூன்று மாதம். பாலுக்கென்று ஆடு மாடு வளர்க்கிற பல இடங்களில் ஆண் குட்டிக்குப் பாலைக் குறைத்துத் தானாகவே சாகவிடுகிறார்கள். அறுப்பதைவிட அது கொடுமை என்பது என் கருத்து. ஏழு, எட்டு மாதம் நிறையாமல் விற்பதில்லை. செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்கு நானே கூட்டிப்போவேன். ஆடி மாதத்திலும் பக்ரீதுக்கு முன்னும் நல்ல விலை கிடைக்கும். வீட்டுக்கே வந்து கேட்கிற தரகரிடம் தருவதில்லை, அவர் நாலைந்து ஆடுகளைக் காலைக் கட்டி ஸ்கூட்டரில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போவார். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட பின் நம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். கயிற்றோடு விற்றால் கொட்டிலின் செழிப்பும் போய்விடும் என்பார் என் அப்பா. அந்த நம்பிக்கை எனக்கு உண்டா இல்லையா என்பதைவிட, பேருந்தில் திரும்பி வரும்போது பைக்குள் அந்தக் கயிறு இருப்பது தெரியும். அன்று ராத்திரி தாய் ஆடு கத்தும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கறந்த பாலை நாங்கள் இருவரும் வழக்கம்போலக் குடித்துவிடுகிறோம். கீழே கொட்டுவதில் என்ன நியாயம்? இது தாங்காது என்பவர்கள் ஆடு வாங்க வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு மரியாதை குறையாது.

இன்னும் ஒன்று, கேட்ட மூவரில் இருவருக்குப் பிள்ளைகள் பாரிசிலும் லியோனிலும். கறவை ஆடு இருக்கும் வீட்டில் மூன்று மாதம் பூட்டிவிட்டு பிரான்சுக்குப் போக முடியாது. எங்கள் மகள் வீட்டுக்கு நாங்கள் தனித்தனியாகத்தான் போய் வருகிறோம், ஒருவர் போனால் ஒருவர் ஆட்டோடு. பேரனின் புது நன்மைக்கு நான் போனேன், பேத்தி பிறந்தபோது அவள் போனாள். ஜோடியாகப் போய் நின்று ஈஃபில் கோபுரத்தடியில் படம் எடுத்துக்கொள்ளவில்லை என்ற குறை மகளுக்கு உண்டு. வெள்ளாடு பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும் பிராணி. எழுபதில் வாங்குகிறவர் அந்தக் கூட்டலையும் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் இரண்டு ஆடுகளுக்கும் இப்போது நான்கு வயது. எனக்குப் பின்னால் யார் என்று தழை வெட்டும் பையனின் அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறேன். பரணோடு சேர்த்து அவர்களுக்கு. மகளுக்கும் எழுதித் தெரிவித்தாயிற்று.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றே தீர்மானித்தவர்கள் ஆட்டுக்கு முன்னால் அகத்தியை வளருங்கள். விதை ஊன்றி ஏழு, எட்டு மாதம் கழித்துத் தழை வெட்டலாம். அதுவரை ஆடு வேண்டாம். வாங்கும்போது ஒரு முறை ஈன்ற ஆடாக, குட்டியோடு பார்த்து வாங்குங்கள், மடியைத் தொட்டு இரண்டு காம்பிலும் பீய்ச்சிப் பாருங்கள். சினைக்கு விடுவதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒருவரிடம் நல்ல பள்ளைக் கிடாய் இருக்கிறது, வழி சொல்கிறேன். விதை என்னிடம் நிறைய உண்டு. ஆடிக்கு முன் வந்தால் ஆளுக்கொரு கைப்பிடி தருவேன்.